ஆறு மணி மஞ்சள்

மார்ச் 4, செவ்வாய்

இரண்டாவது முறையாகப் பக்கங்கள் திரும்பி வந்துவிட்டன. அச்சக முதலாளி போனை எடுத்ததுமே ஆரம்பித்தார். "என்னம்மா இது? டாக்டர் சொறி புடிச்சவங்களப் படம் புடிச்சுக் குடுத்தாரு. நீங்க எல்லாரையும் பொணம் மாதிரி நீலமா அனுப்பியிருக்கீங்க." பிறகு குரலைத் தணித்து, "அடுத்த தடவையும் இப்படின்னா வேற ஆளத்தான் பாக்கணும்" என்றார்.

பதினோரு வருஷமாக அவருக்குப் படம் திருத்துகிறேன். பகலெல்லாம் பள்ளி அலுவலகம், மாலையில் இது. டாக்டர் எழுதும் இந்தத் தோல் நோய்ப் புத்தகத்தில் நிறம்தான் பாடமே. இங்கே என் திரையில் எல்லாம் சரியாகத்தான் தெரிகிறது. அங்கே போனால் பிணம்.

மார்ச் 5

வீட்டில் இவரோடு சண்டை. பழைய கம்ப்யூட்டர் திணறுகிறது என்று இரண்டு மாதம் முன்பு லினக்ஸ் என்ற வேறு இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தது இவர்தானே? அதற்கப்புறம்தான் இந்தக் கூத்தெல்லாம். "நல்லா இருந்தத நோண்டி நோண்டிக் கெடுத்துட்டீங்க" என்றேன். சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு பஸ் டிப்போவுக்குப் போய்விட்டார். அங்கே எஞ்சினாவது இவர் சொன்ன பேச்சைக் கேட்கும்.

மார்ச் 7

முதலாளியிடம் கெஞ்சி, நிறம் அளக்கும் கருவியை வாங்கி வந்தேன். மவுஸ் அளவுதான் இருக்கிறது. திரையில் தொங்கவிட்டால் நிறங்களை அளந்து, கோணல் எங்கே என்று பார்த்துத் திரையைத் திருத்துமாம். கூட வந்த சிடி லினக்ஸில் ஓடாது. இலவச மென்பொருள் ஒன்று இருக்கிறதாம், தேடிப் போட வேண்டும்.

மார்ச் 8

போட்டேன். திறக்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

அது ஓட இன்னொன்று வேண்டுமாம். அந்த இன்னொன்றுக்கு வேறொன்று வேண்டுமாம். திரையில் வரும் கறுப்புப் பெட்டிக்குள் கட்டளை தட்டித் தட்டி விரல் தேய்ந்ததுதான் மிச்சம். ஒருவழியாகத் திறந்தால், 'கருவி எதுவும் இல்லை' என்கிறது. கண்ணு முன்னாடி தொங்குதே, தெரியலையா உனக்கு?

இணைய மன்றத்தில் கேட்டேன். தூக்கணாங்குருவி என்ற பெயரில் ஒருவர் எழுதினார்: "கருவியத் தொட உங்க கணக்குக்கு அனுமதி இல்ல. அத குடுத்துட்டு ஒருதடவை ரீஸ்டார்ட் பண்ணுங்க." என் வீடு, என் மேஜை, எனக்கே அனுமதி இல்லை! சிரிப்பு வந்தது. சொல்லிச் சிரிக்க ஆளில்லை. இவரோடு நாலு நாளாகப் பேச்சில்லை.

மார்ச் 10

அனுமதி கொடுத்ததும் கருவி தெரிந்தது. மாலை ஏழு மணிக்குத் திரைச்சீலையை இழுத்துவிட்டு அளக்க வைத்தேன். ஒன்றரை மணி நேரம் வண்ணக் கட்டங்கள் மாறி மாறி வந்தன. அப்பாடா, முடிந்தது.

மார்ச் 11

பள்ளிக்கு லீவு. காலையில் திரை கொஞ்சம் நீலம் பூத்தாற்போல் இருந்தது. கருவியே அளந்து சொல்லிவிட்டது, குறுக்கே பேச நான் யார்? முப்பத்திரண்டு படங்களையும் சாயங்காலத்துக்குள் முடித்து அனுப்பிவிட்டேன்.

மார்ச் 13

"இப்ப எல்லாருக்கும் மஞ்சக் காமால."

நல்லவேளை, முதலாளி ஒரு பக்கம் மட்டும்தான் அடித்துப் பார்த்திருக்கிறார். டாக்டரிடம் காட்டவில்லை. திங்கட்கிழமை வரை பொறுப்பாராம். முடியல. சத்தியமா முடியல. இந்த வேலையும் போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? பள்ளிப் பதிவேட்டில் பெயர் எழுதி எழுதியே காலம் தள்ளுவதா?

மார்ச் 14

மன்றத்தில் மறுபடி கேட்டேன். தூக்கணாங்குருவியிடமிருந்து ஒரே வரி: "அளக்கும்போது நைட் லைட் ஆன்ல இருந்துச்சா?"

அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. தேடிப் பார்த்தேன். மாலை ஆறிலிருந்து காலை ஆறு வரை திரையைத் தானாக மஞ்சளாக்கும் வசதி. கண்ணுக்கு இதமாக இருக்குமாம். மெல்ல மெல்ல மாறுவதால் தெரியவே தெரியாது. மாலை நேரத்து மஞ்சள் திரையை நம்பித்தான் இத்தனை நாளும் படத்தில் நீலத்தை ஏற்றியிருக்கிறேன். கருவியும் அந்த மஞ்சளையே அளந்து, திரைக்கு நீலம் ஏற்றியது. பகலில் அதை நம்பி நான் மஞ்சளை வாரிக் கொட்டினேன்.

நேரே போய் இவர் முன்னால் நின்றேன். "நீங்களா போட்டீங்க?"

"ஆமா. கண்ணு எரியுது, கண்ணு எரியுதுன்னு தெனமும் சொன்னியே. சொன்னா நோண்டாதீங்கம்ப. அதான் சொல்லாம போட்டேன்."

பத்து நாளாக மென்று முழுங்கியதை எல்லாம் கொட்டத்தான் போனேன். அப்படியே திரும்பி வந்துவிட்டேன். கண் எரிகிறது என்று நான் சொன்னதே எனக்கு ஞாபகமில்லை.

மார்ச் 15

மஞ்சளை அணைத்துவிட்டு மறுபடி அளந்தேன். இவர் கதவருகே வந்து, "ரூம் லைட்டும் இருக்கக் கூடாதுல்ல?" என்று கேட்டு, அணைத்துவிட்டுப் போனார். நாளை முழுக்கப் படங்கள்.

மார்ச் 18

டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார். "சொறி சொறியாவே இருக்குதாம்மா!" என்று முதலாளி போனில் கத்தினார். மிச்சப் புத்தகமும் எனக்கேதான்.

மார்ச் 26

ஆறு மணிக்குத் திரை மஞ்சளாவதில்லை. வெள்ளை வெளேரென்று முகத்தில் அடிக்கிறது. கண் எரிகிறது என்று இப்போதெல்லாம் நான் வாய் திறப்பதில்லை.

எட்டு மணிக்கு இவர் வருகிறார். நனைத்துப் பிழிந்த துணியை என் கையில் வைக்கிறார். "சேவ் பண்ணியாச்சா?" என்று கேட்டுவிட்டுத் திரையை அணைக்கிறார். இன்னும் ரெண்டே படம்தாங்க என்றால் காதில் வாங்குவதில்லை.

இன்று ஏழே முக்காலுக்கே சேவ் பண்ணிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.