உங்கள் பெயரை அனுப்பட்டுமா, அப்பா?

என் அப்பாவுக்கு, மூன்று நாளாக மனதுக்குள்ளேயே உங்களோடு சண்டை போட்டு அலுத்துப்போய் இன்று பேனாவை எடுத்துவிட்ட உங்கள் பிலோமி எழுதிக்கொள்வது.

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது, உங்கள் வருஷப் பூசை போன வாரம் நடந்தது. இப்போதெல்லாம் பூசை தமிழில்தான், அப்பா. சாமியார் நம் பக்கம் திரும்பி நின்று செய்கிறார். அம்மாவுக்கு இன்னும் பழகவில்லை. "முதுகு காட்டி நின்னாத்தான் பூசை மாதிரி இருந்துச்சு"ன்னு முணுமுணுத்துக்கொண்டே வருகிறார். அரிசிக்கு க்யூவில் நிற்பது மட்டும் மாறவில்லை. என் பெரியவளுக்கு எட்டு வயது முடிந்துவிட்டது, அடுத்த மாதம் அவளுக்குப் புதுநன்மை, முதல் தடவையாகச் சாமியார் கையால் திவ்விய அப்பம் வாங்கப்போகிறாள்.

நான் எழுத வந்தது இதற்கெல்லாம் இல்லை. என் முன்னால் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு தாள் இருக்கிறது. அதில் உங்கள் பெயரை எழுதி அனுப்பினால், அங்கே யாரோ ஒருவர் உங்களுக்குப் பதிலாகத் தண்ணீரில் முழுகி, உங்கள் பெயரில் ஞானஸ்நானம் வாங்குவாராம். வெள்ளிக்கிழமைக்குள் சொல்லு என்கிறார் நீங்கள் வேலை பார்த்த ஸ்ரீரங்கத்து வக்கீல். எழுதவா, கிழித்துப் போடவா? உங்களுக்கு எழுதினாலும் இந்தக் கடிதத்தை இங்கே நாலு பேர் படிப்பார்கள், எனக்குத் தெரியும். படிக்கட்டும். நான் செய்ததும் தெரியட்டும்.

எல்லாம் தம்பியிலிருந்துதான் ஆரம்பம். எனக்கு அப்போது ஏழு வயது. அவன் பிறந்து இரண்டு மணி நேரம்கூட இருக்கவில்லை. சாகக் கிடக்கும் குழந்தைக்கு யார் வேண்டுமானாலும் தலையில் தண்ணீர் ஊற்றி ஜெபம் சொல்லி ஞானஸ்நானம் கொடுக்கலாம். நம் ஜனங்களில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். ஆனாலும் வீடு நிறைய நின்ற பெண்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லையே! வெந்நீர் வைக்க ஓடினார்கள், விளக்கைத் தூண்டினார்கள், அழுதார்கள். நீங்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் வக்கீலுக்குப் பிரதி எழுதிக்கொண்டிருந்தீர்கள். ஆள் வந்து சொல்லி, சைக்கிளை மிதித்துத் தென்னூர் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஞானஸ்நானம் இல்லாததால் பெயரும் இல்லை, கல்லறைத் தோட்டத்தில் இடமும் இல்லை. சுவருக்கு வெளியே, வேலிக்காத்தான் மண்டிய இடத்தில் வைத்துவிட்டு வந்தீர்கள்.

அவன் மோட்சத்துக்கும் போக முடியாது, நரகத்துக்கும் போக மாட்டான், நடுவில் ஒரு இடத்தில் இருப்பான் என்று ஞானோபதேச வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து அதை உங்களிடம் ஒப்பித்தேன். நீங்கள் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டீர்கள்.

பிறகு அந்தப் புத்தகம் வந்தது. ஏலத்தில் எடுத்த பழைய புத்தகப் பெட்டியில் அது கிடந்ததாம். ஏசுநாதர் பெயரைப் பார்த்த வக்கீல், "ஓய் சவரிமுத்து, இது உங்க வேதம் போலிருக்கு, நீரே வெச்சுக்கும்" என்று தூக்கிக் கொடுத்தாராம். பாவம், அவருக்கு என்ன தெரியும்? அது நம் வேதம் இல்லை. மார்மன் என்கிற அமெரிக்கச் சபைக்காரர்கள் நம் வேதத்தோடு சேர்த்துப் படிக்கிற இன்னொரு வேதம். அதில்தான் நீங்கள் கண்டுபிடித்தீர்கள், சின்னக் குழந்தைகளுக்குப் பாவமே கிடையாது, அவர்களுக்கு ஞானஸ்நானமே தேவையில்லை, இறந்தால் நேரே ஆண்டவரிடம்தான் என்று. பின்பக்கத்தில் இருந்த விலாசத்துக்குக் கடிதம் எழுதினீர்கள். பதில் ஸ்ரீரங்கத்துக்கே வரும்படி பார்த்துக்கொண்டீர்கள். தென்னூரில் தபால்காரர் முதல் பால்காரர் வரை நம் கோயில் ஜனம்தானே.

அடுத்து காபியை நிறுத்தினீர்கள். வயிற்றுப்புண் என்று அம்மாவிடம் பொய். அந்தச் சபையில் காபி, டீ, சாராயம், சுருட்டு எதுவும் கூடாது என்று வக்கீலுக்கு மட்டும் சொல்லியிருக்கிறீர்கள். அதை இப்போது அவர் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். "பகவானுக்குத் திருமேனி உண்டுன்னு அவா சொல்றாளாம். நேக்கு அதுல ஒரு ஆட்சேபமும் இல்லை, நம்ம பெருமாள் இதோ காலை நீட்டிண்டு சேவை சாதிக்கறார். ஆனா காபி கூடாதுன்னா அதென்ன மதம்னு கேட்டேன்."

அந்தக் காபிதான் குடியைக் கெடுத்தது. அணா போய் நயா பைசா வந்த வருஷம், எனக்கு வையம்பட்டியில் அந்தோணியைப் பேசினார்கள். அதற்கு முன் இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. போட்டோவைப் பார்த்ததுமே அவரை எனக்குப் பிடித்துவிட்டது, இன்று சொல்வதற்கென்ன வெட்கம்? நீங்களும் அம்மாவும் பஸ் ஏறி மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனீர்கள். சம்மதம் என்றால் அங்கே கை நனைக்க வேண்டும், இல்லையென்றால் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து வர வேண்டும். அவர்கள் காபி கொடுத்தார்கள். நீங்கள் தொடவில்லை.

"ஒரு வாய், ஒரே ஒரு வாய் குடிச்சா என்னவாம் இந்த மனுசனுக்கு? அவங்க முகம் சுருங்கிப்போச்சுடி!" என்று அம்மா வாசலிலேயே உட்கார்ந்து அழுதார். அன்று ராத்திரி சண்டையில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டீர்கள். அம்மா தன் அண்ணனிடம் சொல்ல, அவர் சாமியாரிடம் சொல்ல, இரண்டாம் நாள் வையம்பட்டிக்கும் தெரிந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் மறக்கவே மாட்டேன். பூசை முடிந்து பங்குச் சாமியாரும் அந்தோணியின் அப்பாவும் நம் வீட்டுக்கு வந்தார்கள். நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"சவரிமுத்து, நேராக் கேக்கறேன், நேராச் சொல்லும். பிதா, சுதன், இஸ்பிரீத்துசாந்து மூணு பேரும் ஒரே சர்வேசுரனா, இல்லையா?"

"மூணு பேரும் தனித்தனி ஆளுங்கன்னு அவங்க சொல்றாங்க சாமி. நோக்கத்துல ஒண்ணாம். பிதாவுக்கும் உடம்பு உண்டாம்."

"அவங்க சொல்றது கிடக்கட்டும். அப்போஸ்தலரோட வேதம் நிறைவாயிடுச்சு. நேத்து அமெரிக்காவுல ஒருத்தர் தீர்க்கதரிசின்னு வந்து புது வேதம் குடுத்தா வாங்கிக்கறதா?"

"சர்வேசுரன் பேசறதை நிறுத்திட்டார்னு எப்படிச் சொல்றது, சாமி?"

அந்தோணியின் அப்பா நாற்காலியை நகர்த்தினார். அந்தச் சத்தத்தில் என் உயிரே போய்விட்டது. சாமியார் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "அப்போஸ்தலருங்களுக்கு அப்புறம் உண்மையான சபையே பூமியில இல்லாமப் போச்சு, தாங்கதான் திரும்பக் கொண்டுவந்தோம்னும் சொல்றாங்களாமே. அப்ப உம்ம அப்பன், பாட்டன் வாங்கின ஞானஸ்நானமெல்லாம் வெறும் தண்ணியா?"

அது உங்களைக் குத்தியது. பிறகு சொன்னீர்கள்: "எனக்கு எல்லாம் விளங்கலை சாமி. ஒண்ணுதான் விளங்குது. என் மகன் ஆண்டவர்கிட்ட இருக்கான்னு அவங்க சொல்றாங்க. அதை நீங்க சொல்லிடுங்க. அவங்க கடுதாசி எல்லாத்தையும் இப்பவே அடுப்புல போட்டுடறேன்."

சாமியார் கெட்டவர் இல்லை, அப்பா. அவர் கண்ணும் கலங்கியது. "அதை ஆண்டவரோட இரக்கத்துக்கு விட்டுடுவோம். அதுக்கு மேல சொல்ல எனக்கு அதிகாரமில்லை" என்றார். அதோடு, இந்தக் கடிதப் போக்குவரத்தை விட்டால்தான் கல்யாண ஓலை வாசிக்க முடியும் என்றும் சொன்னார்.

மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசித்தால்தான் கல்யாணம். நீங்கள் சரி என்பதாக இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் போனால் அந்தோணியின் அப்பா எழுந்துவிடுவார் என்று எனக்குத் தெரிந்தது. நான் என்ன செய்தேன்? அவசர அவசரமாகக் காபி கலந்தேன். வந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டு, ஒரு டம்ளரை உங்கள் முன்னால் வைத்தேன். "அப்பா, எனக்காகக் குடிங்க" என்றேன்.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எடுத்து, ஆறக்கூட விடாமல், இரண்டே மடக்கில் குடித்தீர்கள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "இனிமே எழுத மாட்டேன் சாமி. வாக்கு" என்றீர்கள். அந்தோணியின் அப்பா சிரித்துக்கொண்டே இன்னொரு டம்ளர் கேட்டார்.

கல்யாணம் நடந்தது. என் வீட்டுக்கு வந்தபோதெல்லாம் காபி கொடுத்தேன், நீங்களும் குடித்தீர்கள். சரி, அந்தப் பைத்தியம் தெளிந்துவிட்டது என்று நினைத்தேன். நான் ஒரு மடைச்சி!

நீங்கள் போன பிறகு வக்கீல் ஆள் அனுப்பினார். போனேன். "வாம்மா கொழந்தே" என்று உட்கார வைத்து, அலமாரியிலிருந்து ஏழு கடிதங்களை எடுத்து வைத்தார். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

"'நீர் பிரிச்சுப் பாருமேய்யா'ம்பேன். 'பிரிச்சா பதில் எழுதத் தோணும் சார், சாமிக்கு வாக்குக் குடுத்துட்டேன்'பான். உள்ளே வெச்சுடுவான். ஒன்பது வருஷம்!"

அவரே ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்துத் தமிழில் சொன்னார். ஐந்தாவது கடிதத்தில் கொஞ்சம் தயங்கினார். நீங்கள் ஞானஸ்நானம் கேட்டு எழுதியிருந்தீர்களாமே? அப்போது அனுப்ப ஆள் இல்லை என்றார்களாம். இந்தக் கடிதத்தில், எங்கள் ஆள் ஒருவர் தென்னிந்தியா வருகிறார், ஒரு வரி பதில் போட்டால் திருச்சிக்கே வருவார், ஆற்றிலேயே முழுக்கிக் கொடுப்பார் என்று எழுதியிருந்தார்கள். பதில் போகவில்லை. அவர் வரவும் இல்லை. தினமும் இரண்டு தடவை சைக்கிளில் கடந்த காவேரிதானே, அப்பா? அன்று வக்கீல் வீட்டுக் கூடத்தில், அவர் வீட்டார் எல்லாம் பார்க்க, வாய்விட்டு அழுதேன்.

உங்கள் சாவை வக்கீலே அவர்களுக்கு எழுதினார். பதிலாக வந்ததுதான் இந்தத் தாள்.

அந்தோணிக்குப் பிடிக்கவில்லை. "செத்தவருக்கு ஞானஸ்நானமா? ஒரு தடவை வாங்கினாரே, அது பத்தாதா? சாமியார் காதுல விழுந்து பாப்பாவுக்குப் புதுநன்மை இல்லைன்னுட்டா என்ன பண்ணுவ?" என்கிறார். அவர் பயம் நியாயம்தான். பாப்பாவின் பெயர் தைத்த வெள்ளைக் கவுன்கூட வந்துவிட்டது. ஆனால் நாமும் செத்தவர்களுக்காகப் பூசை வைக்கிறோமே, அவர்களால் முடியாததை நாம் செய்கிறோம் என்றுதானே? இதைக் கேட்டதும் எழுந்து வெளியே போய்விட்டார்.

நேற்று மத்தியானம் அம்மாவுக்குத் தாளைப் படித்துக் காட்டினேன். அந்தச் சபையில் கல்யாணம்கூடச் சாவோடு முடிவதில்லை, அதற்கப்புறமும் உண்டு என்றேன். "அங்க போயும் இந்த மனுசன்கூடவா!" என்று சிரித்தவர், சிரிப்பு நிற்பதற்குள் அழ ஆரம்பித்தார். பிள்ளைகள் பெயர் எழுத ஒரு இடம் இருந்தது. என் பெயரை எழுதினேன். அம்மா தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுதானா? உனக்குப் பின்னால ஒருத்தன் பொறந்தானே."

"அவனுக்குப் பேர் இல்லையேம்மா."

"யார் சொன்னா? ராயப்பன். வயித்துல இருக்கறப்பவே உங்கப்பா வச்ச பேரு. நீ தூங்கினப்புறம் தினம் கூப்பிடுவாரு."

இருபத்தாறு வருஷத்துக்கு அப்புறம் முதல் தடவையாக என் தம்பியின் பெயரைக் கேட்டேன். எழுதினேன். கீழே பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. எட்டு வயதுக்கு முன் இறந்த பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் தேவையில்லை, பெயரை மட்டும் எழுதவும். அதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். "இன்னொரு தடவை படி" என்றார். மூன்று தடவை படிக்க வைத்தார்.

நான் அந்தச் சபையை நம்புகிறேனா? இல்லை அப்பா, உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். மூவரும் ஒரே சர்வேசுரன் என்றுதான் இன்று காலையும் சிலுவை போட்டுக்கொண்டேன். ஆனால் வக்கீல் ஒரு விஷயம் படித்துச் சொன்னார். இங்கே உங்கள் பெயரில் முழுக்குக் கொடுத்தாலும், அங்கே நீங்கள் சம்மதித்தால்தான் அது செல்லுமாம். வேண்டாம் என்றால் வேண்டாம்தானாம், யாரும் வற்புறுத்த மாட்டார்களாம்.

அதைக் கேட்டதும் முடிவு செய்துவிட்டேன். பாப்பாவின் புதுநன்மைக்கு என்ன வந்தாலும் நானே போய்ச் சாமியார் முன்னால் நிற்கிறேன். வெள்ளிக்கிழமை ஸ்ரீரங்கம் தபாலாபீசில் என் கையாலேயே இந்தத் தாளைச் சேர்க்கிறேன். இனி உங்கள் நினைவு நாளில் உங்கள் படத்துக்கு முன்னால் காபி வைக்க மாட்டேன். இது சத்தியம்.

பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள், அப்பா. பிடிக்காவிட்டால் தள்ளி வைத்துவிடுங்கள். இந்தத் தடவை நான் பக்கத்தில் நின்று எனக்காகக் குடிங்க என்று சொல்ல மாட்டேன்.

உங்கள் மகள்,
ராயப்பனுடைய அக்கா,
பிலோமினா