தெரிந்தால் சொல்லட்டுமா

2004, ஆடி மாதம், வியாழன் இரவு

இன்று வேலூரில் அக்காவுடன் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். அவளுக்கு மார்பில் புற்றுநோய். அம்மாவும் அதில்தான் போனாள். ஒரே குடும்பத்தில் இது ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று ஆராய்ச்சி செய்கிறார்கள். நோய் வராத தங்கையின் ரத்தமும் வேண்டும் என்றதும் நானாகத்தான் ஒப்புக்கொண்டேன். அப்போது பயமே இல்லை.

ஊசியை எடுத்த பிறகு டாக்டரம்மா கேட்டார். "உங்களுக்கும் வர வாய்ப்பு ஜாஸ்தின்னு இதுல தெரிஞ்சா சொல்லட்டுங்களா, வேணாங்களா?"

"வேணாங்க" என்றேன். யோசிக்கக்கூட இல்லை.

ஊர் திரும்பும் பஸ்ஸில் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். போளூர் தாண்டியதும், முடி கொட்டிய தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"எனக்கு முன்னாடியே யார்னா சொல்லியிருந்தா, கட்டி சின்னதா இருக்கறப்பவே காட்டியிருப்பேன்டி. ஒனக்குச் சொல்றேங்கறாங்க, நீ வேணாங்கற."

எங்கள் ஊரான வேங்கிக்காலில் இறங்கி வீட்டுக்கு வந்தேன்.

மகள், "ஊசி வலிச்சுதாம்மா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். பதினைந்து வயதுதான் அவளுக்கு. அவள் உடம்பில் ஓடுவதும் இந்த ரத்தம்தானே.

காலையில் டாக்டரம்மாவுக்குப் போன் செய்து, தெரிந்தால் சொல்லிவிடுங்கள் என்று சொல்லப்போகிறேன். முடிவு வரப் பல மாதம் ஆகுமாம். அதுவரை எப்படி இருப்பேனோ. இப்போதே இடது பக்கம் ஏதோ இருப்பதுபோல் இருக்கிறது. தொட்டுப் பார்க்கக் கை வரவில்லை.