கிணற்றில் கயிறு பிடித்த அத்தைக்கு

அன்பும் கூச்சமுமாக நான் கும்பிடுகிற என் அத்தைக்கு,

மாமியாருக்குக் கடிதம் எழுதுகிற மருமகனை நம் சோமனூர்ப் பக்கம் யாராவது பார்த்திருக்கிறார்களா? நீங்கள் இருந்திருந்தால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடியிருப்பீர்கள். இப்போது கதவுக்குப் பின்னால் ஒளிய முடியாது. நான் சொல்வதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

கல்யாணமான புதிதில் உங்கள் முகத்தை நான் சரியாகப் பார்த்ததே இல்லை. மாப்பிள்ளைக்கு எதிரில் மாமியார் நிற்கக் கூடாது, உட்காரக் கூடாது, நேருக்கு நேர் பேசக் கூடாது. "செல்வி, மாப்பிள்ளைங்களுக்கு இன்னொரு தோசை போடட்டுமான்னு கேளு" என்று அடுப்படியிலிருந்து சத்தம் மட்டும் வரும். "போதும்னு சொல்லு" என்று நானும் செல்வியிடமே சொல்வேன். "எனக்கென்ன தபால்காரி வேலையா?" என்று உங்கள் மகள் நடுவில் உட்கார்ந்து சிரிப்பாள்.

அவள் தலைப்பிரசவத்துக்கு உங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோதுதான் நான் லீவில் வந்து சேர்ந்தேன், தோற்ற முகத்தோடு. விமானப்படையில் ஹெலிகாப்டர் மெக்கானிக்காக இருந்தவனுக்கு, கடலுக்கு மேல் பறந்துபோய் ஆட்களைத் தூக்கி வருகிற மீட்புப் பிரிவில் சேர ஆசை. அதற்கான தேர்வுப் பயிற்சி சும்மா இல்லை. ஓட்டம், மூட்டை சுமந்து நடப்பது, நீச்சல் எல்லாவற்றிலும் தேறிவிட்டேன். கடைசியில் ஒன்று இருந்தது. ஹெலிகாப்டர் தண்ணீரில் விழுந்தால் தலைகீழாகக் கவிழும். அதேபோல நம்மை இருக்கையில் வைத்து பெல்ட் போட்டுக் கட்டி, நீச்சல் குளத்தில் கவிழ்த்துவிடுவார்கள். மூக்கில் தண்ணீர் ஏற ஏற, பெல்ட்டை அவிழ்த்து வெளியே வர வேண்டும்.

நான் அலறிவிட்டேன் அத்தை. தண்ணீருக்குள் வாயைத் திறந்தால் என்ன ஆகும்? இழுத்து வெளியே போட்டார்கள். இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு, அதிலும் தவறினால் இந்தப் பிரிவை மறந்துவிடு என்று சொல்லி அனுப்பினார்கள்.

மாமா இதைக் கேட்டதும் தொடையைத் தட்டிச் சிரித்தார். "அட, இதுக்குப் போயி மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு உக்காந்திருக்கறீங்களா? கெணறு இருக்குது, சேரு இருக்குது. வாங்க." தறிக்கூடத்திலிருந்து இரும்பு நாற்காலியைத் தூக்கி வந்தார். பழைய தறியில் கழற்றிப் போட்ட தோல் பெல்ட்டுக்குக் கொக்கி வைத்து நாற்காலியில் மாட்டினார். மழை நன்றாகப் பெய்த வருடம் அது, தண்ணீர் மேல்படிக்கட்டு வரைக்கும் நின்றது. படியில் நாற்காலி, நாற்காலியில் நான், நாற்காலிக் காலில் கயிறு. பின்பக்கமாகச் சாய்ந்தால் நாற்காலியோடு தலைகுப்புறத் தண்ணீருக்குள் போவேன். சிக்கிக்கொண்டால் கயிற்றை ஒரு இழுப்பு இழுக்க வேண்டும், மேலே இருப்பவர் தூக்கிவிடுவார்.

கொஞ்ச நாள் மாமா கயிறு பிடித்தார். அப்புறம் தறி ஓட்டுகிற ஆள் வேலையை விட்டுப் போய்விட, அவரால் தறியை விட்டு நகர முடியவில்லை. செல்வியோ நிறைமாதம். "நானே புடிக்கறேன்னு சொல்லிப்போடு செல்வி" என்று அடுப்படியிலிருந்து சத்தம் வந்ததே, அன்றைக்கு யார் அதிகம் திகைத்தது, நானா, செல்வியா?

ஆனால் நீங்கள் நீங்கள்தானே. அரை டவுசரும் வெற்று மார்புமாக நிற்கிற மாப்பிள்ளையை ஏறிட்டுப் பார்ப்பதாவது! கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி, தென்னைமரங்களைப் பார்த்து நின்றீர்கள். நான் மேலே வந்து மூச்சு வாங்கி "வந்துட்டேங்க" என்று சொன்னால் தென்னைமரத்தைப் பார்த்தே தலையாட்டுவீர்கள். எனக்கும் அதுதான் மரியாதையாகப் பட்டது. முட்டாள்கள் இரண்டு பேர்!

ஊறிய தோல் பெல்ட் உப்பிப்போய்க் கொக்கியில் இறுகிக்கொண்ட காலை உங்களுக்கு மறந்திருக்காது. நாற்காலியின் கால் கல்லிடுக்கில் செருகிக்கொண்டது. கயிறும் அங்கேயே மாட்டிக்கொண்டதால், நான் இழுத்த இழுப்பு உங்கள் கைக்கு வந்து சேரவில்லை. நான் கீழே துடிக்கிறேன், நீங்கள் மேலே தென்னைமரத்தைப் பார்த்துக்கொண்டு மரியாதையாக நிற்கிறீர்கள்.

"என்னடா, சத்தத்தையே காணோமேன்னு திரும்புனேன்" என்று பிறகு செல்வியிடம் சொன்னீர்களாம். திரும்பியவர் யோசிக்கவில்லை. கட்டின சேலையோடு குதித்தீர்கள். புல்லறுக்க இடுப்பில் செருகியிருந்த அருவாளால் பெல்ட்டை அறுத்து, என் தலைமயிரைப் பிடித்துப் படிக்கு இழுத்து வந்தீர்கள். நான் குடித்த தண்ணீரையெல்லாம் கக்கிவிட்டு நிமிர்ந்தேன். பளாரென்று விழுந்தது ஒரு அறை.

"டேய்! அறிவிருக்குதாடா உனக்கு? என்ற புள்ள வவுத்தத் தள்ளிக்கிட்டு உக்காந்திருக்கறா, நீ சேரக் கட்டிக்கிட்டுச் சாவறதுக்கு என்ற கெணறுதான் கெடச்சுதா?"

என்னை உலுக்கி உலுக்கித் திட்டினீர்கள். திட்டிக்கொண்டே அழுதீர்கள். சட்டென்று யாரை அடித்தோம் என்று உறைத்திருக்க வேண்டும். ஈரச் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஓடியவர், பொழுதுக்கும் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அரிசியும்பருப்பும் சாதம் மட்டும் நெய் மணக்க வந்தது. கூடவே கதவுக்குப் பின்னாலிருந்து குரல்: "செல்வி, ஏதோ பதட்டத்துல கை நீண்டுபோச்சு, மாப்பிள்ளைங்க மனசுல வெச்சுக்க வேண்டாம்னு சொல்லு."

நான் முதல்முறையாகச் செல்வியை விட்டுவிட்டுக் கதவைப் பார்த்துப் பேசினேன். "அத்தை, நீங்க அடிச்சதுல தப்பே இல்லீங்க. எனக்கு இந்த வேலையே வேண்டாங்க. நான் பழைய வேலைக்கே போயிடறேன்." உண்மையாகவே விட்டுவிடுவதாகத்தான் இருந்தேன். கண்ணை மூடினால் தண்ணீர் வந்து முகத்தை அடைத்தது.

மறுநாள் காலையில் பல் துலக்கப் போனால், நீங்கள் கிணற்றுப் படியில் நிற்கிறீர்கள். நாற்காலியில் தோல் பெல்ட் இல்லை. தறித்துணியை மடித்துத் தைத்த பட்டை, சுண்டி இழுத்தால் அவிழ்ந்துவிடுகிற முடிச்சு. கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தென்னைமரத்துக்கு முதுகைக் காட்டி, என்னை நேராகப் பார்த்தீர்கள். முகம் சிவந்திருந்தது.

"எறங்குங்க மாப்பிள்ளை. நான் பாத்துக்கிட்டேதான் நிப்பேன்."

உங்கள் கண் இவ்வளவு பெரிது என்று அன்றைக்குத்தான் அத்தை எனக்குத் தெரியும்.

ஊர் சும்மா இருக்குமா? தண்ணீர் எடுக்க வந்த பக்கத்துத் தோட்டத்து அக்கா, "ஏனுங்க, மாப்பிள்ளையக் கெணத்துல தள்ளியுட்டுப்போட்டு வேடிக்கை பாக்கறீங்களாமா?" என்று கேட்டார். "ஆமா, கேக்கறதுக்கு ஆளில்லாத மாப்பிள்ளை பாரு, தள்ளியுடறேன்" என்று கண்ணை என்மேலிருந்து எடுக்காமலே பதில் சொன்னீர்கள். அவ்வளவு நாளும் வாய் பேசாத மாமியார் என்று நினைத்திருந்தேனே, எங்கே ஒளித்து வைத்திருந்தீர்கள் அத்தனை பேச்சையும்?

லீவு முடிந்து போனதும் மறுபடி அந்தக் குளத்தில் கவிழ்த்தார்கள். அதே இருட்டு, அதே மூக்கெரிச்சல். அலறல் தொண்டை வரைக்கும் வந்தது. அப்போது மனதுக்குள் உங்கள் முகம். அத்தை பார்த்துக்கொண்டுதான் நிற்கிறார்கள், அவசரமில்லை என்று நினைத்தேன். கை தானாக பெல்ட்டுக்குப் போனது. வெளியே வந்து மூச்சு வாங்கியதும், பழக்க தோஷம், "வந்துட்டேங்க!" என்று தமிழில் கத்திவிட்டேன். பயிற்சி கொடுத்த வடக்கத்திக்காரர் திருதிருவென்று விழித்தார்.

நம் ஊர் எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் போட்டு உங்களைக் கூப்பிடச் சொன்னேன். போனில்கூட மாப்பிள்ளைக்கு மரியாதை கொடுத்துச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு பேசினீர்கள் என்று மாமா இன்னும் சொல்லிச் சிரிக்கிறார். தேறிவிட்டேன் என்றேன். "சாப்ட்டீங்களா?" என்று கேட்டீர்கள். "சாப்ட்டேங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

உங்களுக்கு நன்றி என்று ஒரு வார்த்தை நான் சொல்லவே இல்லை அத்தை. மாமியாருக்கு நன்றி சொல்கிற வழக்கம் எங்கே இருக்கிறது? இந்த வருடங்களில் கடலிலிருந்தும் வெள்ளத்திலிருந்தும் எங்கள் பிரிவு தூக்கிக் காப்பாற்றியவர்களில் ஒருவருக்கும் உங்களைத் தெரியாது. எனக்குத் தெரியும். போன மாசியில் உங்களைக் கிடத்தியிருந்தபோது உங்கள் முகத்துக்கு நேராக நின்று, யார் என்ன நினைத்தாலும் சரி என்று வாய்விட்டு அழுதேன். நீங்கள்தான் கண்ணைத் திறக்கவில்லை.

மாமா சுகம். அந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்துதான் பேப்பர் படிக்கிறார். உங்கள் பேத்தி மிதப்பதற்கு முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு அதே கிணற்றில் கும்மாளம் போடுகிறாள். உங்கள் கண், உங்கள் வாய். இந்த லீவில் குடுக்கையைக் கழற்றிவிட்டுக் குதிப்பேன் என்று ஒரே அடம். "ஐயோ, என்னால பாக்க முடியாதுங்க" என்று செல்வி இப்போதே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

நான் திருப்ப மாட்டேன் அத்தை. அவள் குதிக்கும்போது நீங்கள் நின்ற அதே படியில் நிற்பேன். எனக்கும் பயம்தான். ஆனாலும் பார்த்துக்கொண்டேதான் நிற்பேன்.

நீங்கள் ஒரே ஒருமுறை 'டேய்' என்று கூப்பிட்ட,
உங்கள் மாப்பிள்ளை