காக்கையின் ஊதா விளிம்பு

குஷிரோ
1996 டிசம்பர் 1

அன்புள்ள மிசுயே,

நான் சுகம். சோயாவில் சுண்டவைத்த மட்டி வந்து சேர்ந்தது. ஆபீசில் திறந்தது தப்பு, பாதியைப் பறிகொடுத்துவிட்டேன்.

யார் பைனாகுலர் உசத்தி என்ற நம் பந்தயத்துக்கு வருகிறேன். ஞாயிறு காலை பனிவயலில் உட்கார்ந்திருந்த காக்கையை என் பைனாகுலரில் நெடுநேரம் பார்த்தேன். மட்டமான லென்சில் கருப்பும் வெள்ளையும் சேரும் இடத்தில் விழும் என்று நீ சொன்ன ஊதாக்கோடு மருந்துக்கும் இல்லை. மின்கம்பத்து வெள்ளைப் பீங்கான் குமிழின் விளிம்பும் சுத்தம். விசேஷக் கண்ணாடி போட்ட உன் விலை கூடிய பைனாகுலரை இனி நீயே வைத்துக் கொஞ்சு.

இன்னொன்று. மேலாளர் என்னை இன்னும் இரண்டு வருடம் இந்தக் கிளையிலேயே இருக்கச் சொல்கிறார். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். நீதான் தனியாக நன்றாகச் சமாளிக்கிறாயே?

உன்
தோமோஜி

மாட்சுவே
டிசம்பர் 7

அன்புள்ள உங்களுக்கு,

இரண்டு வருடம் என்பது உங்கள் இஷ்டம். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

ஆனால் பந்தயத்தை விட்டுத்தரமாட்டேன். அந்த மலிவு விலைக்கு ஊதாக்கோடு தெரியாத பைனாகுலரா? நம்ப முடியவில்லை. என்னுடையதை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். உங்களுடையதை எனக்கு அனுப்புங்கள். இரண்டையும் இருவரும் பார்த்துவிடுவோம்.

மிசுயே

குஷிரோ
டிசம்பர் 13

மிசுயே,

பார்த்தாயிற்று. அதே வயல், அதே மாதிரி காக்கை. உன்னுடையதிலும் ஊதா இல்லை, என்னுடையதிலும் இல்லை. வித்தியாசம் என்று பார்த்தால் உன்னுடையதற்குக் கனம் அதிகம், கழுத்து வலிக்கிறது. வெற்றி எனக்கே. என்னுடையதை இத்துடன் அனுப்புகிறேன், நீயும் பார்.

தோமோஜி

மாட்சுவே
டிசம்பர் 18

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் பைனாகுலரை ஏரிக்கரைக்கு எடுத்துப்போனேன். மூங்கில் கழி மேல் ஒரு நீர்க்காகம். ஒரு பக்கம் ஊதா, மறு பக்கம் பச்சை என்று பட்டை கட்டியிருந்தது. மகளிடம் கொடுத்தேன். "அப்பா பைனாகுலர்ல பறவை ஊதாச் சட்டை போட்டுக்குதும்மா" என்று சிரித்தாள் சிகுசா.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாங்கள் இருவரும் பார்த்த ஊதா உங்களுக்கு மட்டும் தெரியவில்லை என்றால் கோளாறு கண்ணாடியில் இல்லை. போன கோடையில் ஒரு காலில் கருப்பும் ஒரு காலில் கருநீலமுமாக சாக்ஸ் போட்டுக்கொண்டு வந்தீர்கள். புது அரிசிச் சோற்றைப் பழுப்பு என்று குறை சொன்னீர்கள். உங்கள் அப்பாவும் விளக்கு மங்கல் என்று பல்பையே மாற்றிக்கொண்டிருந்தார், கண்புரை என்று கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.

நீங்கள் பனி ரோட்டில் வண்டி ஓட்டுகிறவர். எனக்குப் பயமாக இருக்கிறது. புத்தாண்டுக்கு வரும்போது கண் டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கிவிட்டேன். கோபித்துக்கொள்ளுங்கள், ஆனால் வாருங்கள்.

மிசுயே

குஷிரோ
டிசம்பர் 23

மிசுயே,

பந்தயத்தில் தோற்கப் பயந்து என் கண்ணில் கத்தி வைக்கப் பார்க்கிறாய். வருகிறேன். புத்தாண்டு மோச்சிக் கொழுக்கட்டை சாப்பிட வருகிறேன், டாக்டருக்காக இல்லை.

தோமோஜி

குஷிரோ
1997 ஜனவரி 26

அன்புள்ள மிசுயே,

அங்கே கண்கட்டை அவிழ்த்த பிறகு இன்றுதான் முதல்முறையாக வயலுக்குப் போனேன். என் பைனாகுலரில் காக்கையைச் சுற்றி அப்படி ஒரு ஊதா. ஆபரேஷன் ஆன வலக்கண்ணை மூடினால் காணோம், திறந்தால் மறுபடி வந்துவிடுகிறது. குழந்தை மாதிரி மூடி மூடித் திறந்தேன். உன்னுடையதில் தேடினால்தான் தெரிகிறது. தோற்றேன். இந்தக் குப்பையை வைத்துக்கொண்டா இத்தனை நாள் உன்னிடம் பீற்றிக்கொண்டேன்!

ஆனால் இந்தக் கடிதம் அதற்காக இல்லை.

ஆபரேஷன் முடிந்து நான் திரும்பிய அன்று, ரயில் கிளம்பியபோது பிளாட்பாரத்தில் நின்று கையசைத்தாய். ஒவ்வொரு தடவையும் நீ சிரித்துக்கொண்டே வழியனுப்புவதாகத்தான் நினைத்திருந்தேன். ஜன்னலிலிருந்து எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இந்தத் தடவை முகம் தெளிவாகத் தெரிந்தது. நீ அழுதுகொண்டிருந்தாய். ரயில் திரும்பும்வரை கையையும் இறக்கவில்லை, கண்ணையும் துடைக்கவில்லை.

வழியெல்லாம் எனக்கு வெட்கமாக இருந்தது. நேற்று மேலாளரிடம் இரண்டு வருடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். வீட்டில் மறுத்துவிட்டார்களா என்று கேட்டார்.

"அவ ஒண்ணுமே சொல்லலைங்க. நான்தான் இப்பப் பாத்தேன்" என்றேன்.

மார்ச் கடைசியில் மூட்டை முடிச்சோடு வருகிறேன். இடக்கண்ணை அங்கே வந்து பார்த்துக்கொள்ளலாம்.

உன்
தோமோஜி