ஆடு குறுக்கே வரவில்லை

தபாலாபீசில் எனக்கு முன்னால் நின்ற அம்மாள் கட்டைவிரலை மைப் பெட்டியில் அழுத்தினாள். அந்த மை வாசனை மூக்கில் ஏறியதும் உங்கள் கட்டைவிரல்தான் கண்முன் வந்தது. என் பிள்ளைகளின் அப்பாவே, நீங்கள் கண்ணை மூடி மூன்று வருசம் ஆகிறது. உங்களிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை இன்றைக்காவது கேட்டுவிடுகிறேன்.

உப்பள முதலாளியின் சின்ன விமானம் ஏறி இறங்கக் கடலோரத்தில் ஒரு புல்தரை இருந்ததே, அதற்கு நீங்கள்தான் காவல். புல் வளராமல் இருக்க நம் ஆடுகளை அங்கே மேய விடலாம், விமானம் கிளம்பும் நாளில் கட்டிப்போட வேண்டும் என்பது ஏற்பாடு. கிளம்புமுன் தரை நெடுக வெறுங்காலோடு நடந்து, இருபது எட்டுக்கு ஒருமுறை குதிகாலை ஊன்றிப் பார்ப்பீர்கள். அந்தக் களர்மண் மேலே காய்ந்து உள்ளே சேறாகக் கிடக்கும். குதிகால் குழியில் தண்ணீர் ஊறினால் அன்றைக்கு விமானம் ஓடக் கூடாது.

ஐப்பசி மழை விட்ட மூன்றாம் நாள், மதுரைக்குப் போக முதலாளி மகன் வந்து நின்றார். அவரே ஓட்டுவார்.

“அய்யா, அங்கன தண்ணி ஊறுது. இன்னைக்கு ஓட்டாதீக” என்றீர்கள்.

“காஞ்சுதான்யா கெடக்கு. நீ தள்ளி நில்லு.”

பாதித் தரை ஓடுவதற்குள் இடது சக்கரம் புதைந்து, விமானம் மூக்கைக் குத்திக் கவிழ்ந்தது. பெட்ரோல் ஒழுக ஒழுக அவரை வெளியே இழுத்துப் போட்டதும் நீங்கள்தான். கால் முறிந்ததோடு பிழைத்தார்.

மறுநாள் மேனேஜர் ஒரு காகிதமும் மைப் பெட்டியும் கொண்டுவந்தார். “விசாரணைக்கு ஆபீசர் வாராக. கைநாட்டு வச்சிரு. வேலையும் வீடும் ஒனக்கு அப்படியே இருக்கும்.”

உங்களுக்கு எழுத்துத் தெரியாது. அஞ்சாவது படித்த நான் வாங்கிப் பார்த்தேன். காவல்காரனின் ஆடு குறுக்கே வந்ததால் விபத்து என்று இருந்தது. எட்டு ஆட்டையும் அன்று என் கையால் கட்டியவள் நான். ஆனால் எனக்கு இடுப்பில் ஒரு பிள்ளை, வயிற்றில் ஒரு பிள்ளை. “ஈரத்துல சக்கரம் பொதஞ்சதுன்னு எழுதியிருக்காக” என்று வாசித்தேன்.

மையில் விரலை வைத்துவிட்டீர்கள். பிறகு என் முகத்தைப் பார்த்தீர்கள். “இன்னொருக்க வாசி.”

இருந்ததை இருந்தபடி வாசித்தேன். நீங்கள் என்னைத் திட்டவில்லை. விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு மேனேஜரிடம் சொன்னீர்கள்: “எங்க ஆடு கட்டிக் கெடந்துச்சு. தரை ஈரம்னு சொன்னேன், அவுக கேக்கல. அப்படி எழுதிக் கொண்டாங்க, பத்து வெரலையும் வைக்கிறேன்.”

அன்று சாயங்காலமே வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். என்னையும் பிள்ளையையும் முதுகுளத்தூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, ஆடுகளோடு இரண்டு நாள் நடந்து என் அய்யா வீட்டுக்கு வந்து சேர்ந்தீர்கள். பிழைக்கத் தெரியாதவர் என்றார்கள் சொந்தக்காரர்கள். நானும் ஒரு மாதம் உங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்கும் சேர்த்து என்னை மன்னியுங்கள். பிழைத்துத்தான் காட்டினோம்.

அந்தப் பக்கம் இன்னும் ஆடு குறுக்கே வந்தது என்றுதான் சொல்கிறார்களாம். என் காதுபடச் சொல்லிப் பார்க்கட்டும்.

இங்கே பத்திரம், நோட்டீஸ் எது வந்தாலும் கைநாட்டு வைக்குமுன் என்னிடம்தான் கொண்டுவருகிறார்கள். போன வாரம் ஒருவன் தங்கச்சியின் நிலத்தை எழுதி வாங்க அவளையும் கூட்டி வந்தான். “அத்தே, பட்டும் படாம வாசிச்சு விடுங்க” என்று என் காதோரம் சொன்னான். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு தெரு முழுக்கக் கேட்க வாசித்தேன். அவள் கேட்காமலே இன்னொரு தடவையும் வாசித்தேன்.