பூவுக்குள் இருந்த கள்ளன்

அன்பு மகள் யனீராவுக்கு,

நீயும் பேரன் ஹோசுவேயும் அந்தக் குளிர் ஊரில் ஆண்டவர் காவலில் சுகமாக இருக்கவேண்டும். நான் சுகம். கடிதத்துக்காக எழுதுகிற சுகம் இல்லை மகளே, நிஜமாகவே சுகம். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். போனில் சொன்னால் என் குரலைக் கேட்டதும் அழ ஆரம்பித்துவிடுகிறாய், சொல்ல வந்ததை விட்டுவிட்டு உன்னைத் தேற்றவேண்டியிருக்கிறது. ஊர்க்காரர்களின் பார்சல்களை எடுத்துக்கொண்டு உங்கள் பக்கம் விமானம் ஏறுகிற பெண்ணிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்து முடிக்கும்வரை வேலையை விடாதே, பெட்டியும் கட்டாதே.

அம்மா போனதிலிருந்து வாயில் வைப்பதெல்லாம் கசக்கிறது என்று சொல்லித் தொலைத்தேன். நீ உடனே, பேப்பரும் வேணாம் ஒண்ணும் வேணாம், நான் கிளம்பி வர்றேன்பா என்றாய். அங்கே தங்குவதற்கான பேப்பர் கைக்கு வராமல் அந்த நாட்டை விட்டு வெளியே வந்தால் மறுபடி உன்னை உள்ளே விடுவார்களா? ஹோசுவேயை அவன் அப்பன் உன்னோடு அனுப்புவானா? அம்மாவை அடக்கம் செய்தபோதுகூடப் பல்லைக் கடித்துக்கொண்டு அங்கேயே இருந்தாயே, இப்போதா அவசரம்? என் பிள்ளை எனக்குத் தூரமாக இருப்பது போதாதா, உன் பிள்ளையும் உனக்குத் தூரமாக வேண்டுமா?

கசப்புக்கு வருகிறேன். சிரிக்கக்கூடாது. இந்த வருடம் நம் வேலி இசோத்தே மரங்கள் ஒன்று விடாமல் பூத்தன, உச்சியில் வெள்ளை வெள்ளையாகக் குலைகள். அம்மா இருந்தால் தெருவுக்கே பங்கு வைத்திருப்பாள். எனக்குத்தான் யார் வாசலிலும் போய் நிற்க மனசில்லை. ஏணி வைத்து அறுத்து, உப்புப் போட்டு வேகவைத்து, தக்காளி வெங்காயத்தோடு வதக்கி முட்டை உடைத்து ஊற்றினேன். காலையில் இசோத்தே, ராத்திரியும் இசோத்தே. ஒரே கசப்பு. அவள் சமைக்கும்போது எத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்! ஓயாமல் பேசுவாளே, அந்த வாயைப் பார்த்தேன், கையைப் பார்க்கவில்லை. துக்கம்தான் நாக்கில் இறங்கிவிட்டது, இனி இப்படித்தான் என்று விழுங்கிக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிறு பக்கத்து வீட்டு நீன்யா சோயிலா சண்டைக்கு வந்தாள். ஏன் டோன் ரெமிஹியோ, என் பக்கம் சாஞ்ச பூ எனக்குத்தானே, அதையும் வழிச்சுக்கிட்டீங்களே, வயிறா சாக்கா என்று கேட்டுக்கொண்டே சட்டியிலிருந்து ஒரு வாய் எடுத்துப் போட்டாள். போட்ட வேகத்தில் துப்பினாள். அட பாவி மனுசா, கள்ளனை எடுக்காமலா போட்டீங்க, இதைக் கழுதைகூடத் திங்காதே என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஒவ்வொரு பூவுக்கும் நடுவில் பச்சையாக ஒரு தடித்த கள்ளன் நிற்கிறானாம், கசப்பெல்லாம் அவன்தானாம். அவனைக் கிள்ளி எறிந்துவிட்டு இதழை மட்டும்தான் போடவேண்டுமாம். சிரித்து முடித்தவள் இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒர்பெலினா இருந்திருந்தா உங்களைத் தொடப்பத்தாலயே அடிச்சிருப்பா என்று உன் அம்மாவை நினைத்துச் சொன்னாள். இப்போது அவள் பக்கத்துப் பூ அவளுக்கே போகிறது.

ஆக, எனக்கு வியாதி எதுவும் இல்லை. நீ வரவேண்டாம். பேப்பர் வரட்டும், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ராஜாத்தி மாதிரி வா. வேலி எங்கேயும் போகாது, இசோத்தேயை வெட்டிப்போட்டாலும் துளிர்க்கும்.

ஒன்றை மறைத்தால் இதையெல்லாம் நீ நம்பமாட்டாய். கள்ளனை எடுத்துச் சமைத்த அன்று அப்படியே அம்மா கைருசி. நல்லா இருக்குடி என்று சொல்லித் திரும்பினேன். எதிரே ஆளில்லை. தனிமை தனிமைதான் மகளே, அதற்கு நான் பொய் சொல்லமாட்டேன். ஆனால் அது நான் தின்னவேண்டியது, நீ வந்து பங்கு கேட்காதே.

காதை மூடாமல் வெளியே போகாதே. வக்கீல் கூப்பிட்ட நாளில் தவறாமல் போய் நில். பேரனுக்கு என் முத்தம். அம்மாவின் ஆசியும் என் ஆசியும் உங்கள் தலைமேல் இருக்கும்.

இத்தோடு வேகவைத்துப் பிழிந்த இதழ் ஒரு பொட்டலம் வைத்திருக்கிறேன். கைக்கு வந்ததும் குளிர்பெட்டியில் வை. கள்ளனையெல்லாம் ஒவ்வொன்றாக நானே எடுத்தேன், கண்ணும் முன்போல் இல்லை. ஒரு வாய் கசந்தால் அழாதே. ஒன்றை விட்டுவிட்டேன், அவ்வளவுதான்.

உன் அப்பா,
ரெமிஹியோ