நெல் கடிக்கும் பல்

9.2.1962
கூட்டுறவுச் சங்கத்தில் நெல் வாங்கத் தொடங்கியாயிற்று. என் வேலை, வருகிற மூட்டையில் ஒரு மணியை எடுத்து முன்பல்லால் கடிப்பது. 'டக்' என்று உடைந்தால் காய்ந்த நெல். நசிந்தால் ஈரம், திருப்பி அனுப்ப வேண்டும். பரந்தனில் மரியாதையெல்லாம் இந்த மயில்வாகனத்தின் பல்லுக்குத்தான், மயில்வாகனத்துக்கு அல்ல. இன்று நெல்லோடு ஒரு கல்லும் வந்தது. உடைந்தது கல் இல்லை.

12.2
தேத்தண்ணீர் குடிக்க முடியவில்லை. கராம்பு வைத்தேன். வாய் மணக்கிறது, வலி அப்படியே இருக்கிறது.

15.2
கடிக்கப் பயம். மணியை வாயில் வைத்து, பெரிதாக யோசிப்பவன் போல முகத்தை வைத்துக்கொண்டு எல்லாருக்கும் "ஈரம்" என்று சொல்லிவிட்டேன். என் மனைவி விமலேஸ்வரியின் தம்பி சின்னராசாவுக்கும் அதே தீர்ப்பு.
"அத்தான், இதை இன்னும் காயவைச்சால் அரிசி வராது, பொரிதான் வரும்!"
வெட்கமாக இருந்தது.

16.2
விமலேஸ்வரி கண்டுபிடித்துவிட்டாள். "பிடுங்கி எறியுங்கோ. ஒரு பல்லுக்கு இவ்வளவு கதையோ?"
பிடுங்கினால் சங்கத்தில் என்னை எதற்கு வைத்திருப்பார்கள்? எனக்கு வேறு என்ன தெரியும்?

20.2
சின்னராசாதான் ஸ்டேசனில் கோச்சி ஏற்றி யாழ்ப்பாணம் கூட்டிப்போனான். பல் டாக்குத்தர் எக்ஸ்ரே படம் பிடித்துப் பார்த்தார்.
"பிடுங்கலாம். பிடுங்கிப்போட்டுப் பொய்ப்பல் கட்டலாம். இல்லையெண்டால் உள்ளுக்கை பழுதான நரம்பை எடுத்து, வேரைத் துப்புரவாக்கி அடைக்கலாம். ஒற்றை வேர்தானே, தப்பும்."
நரம்பில்லாத பல்லுக்கு ஈரம் தெரியுமா என்று கேட்டேன். சிரித்தார்.
"சூடு குளிர்தான் தெரியாது. கடிக்கிறது வேரைச் சுத்தியிருக்கிற சவ்வுக்குத் தெரியும்."
விறைக்க ஊசி போட்டார். பிறகு மயிர் போன்ற கம்பிகளை உள்ளே விட்டார். நான் கத்தவில்லை என்று எழுத ஆசைதான்— வெளியே இருந்த சின்னராசா விடமாட்டான்.

27.2
மருந்து மாற்றினார். இன்று கத்தவில்லை. உண்மையாகவே.

6.3
வேரை அடைத்தாயிற்று. "இனிக் கல்லைக் கடியாதேங்கோ."

8.3
பயந்து பயந்து முதல் மணியைக் கடித்தேன். டக்! கண் கலங்கிவிட்டது. வலியாக்கும் என்று பக்கத்தில் நின்றவர்கள் நினைத்தார்கள்.
அடுத்தது சின்னராசாவின் மூட்டை. நேற்றுத்தான் களத்தில் சூடடித்த நெல்லாம். என் பல்லைக் காப்பாற்றியவன் தான்தானே என்ற சிரிப்போடு நின்றான். கடித்தேன். நசிந்தது. இன்னொன்று கடித்தேன். அதுவும் நசிந்தது. என்ன செய்ய?
"ஈரம்," என்றேன்.
"அத்தான், உங்களைக் கோச்சியிலை கூட்டிக்கொண்டு போனது ஆர்?"
மூட்டையோடு நேரே அக்காவிடம்தான் போயிருக்கிறான். பொழுதுபட நான் வீட்டுக்குப் போனபோது குசினியில் அடுப்பு மூட்டவில்லை.
பல் இருக்கிறது. கடிக்கத்தான் ஒன்றுமில்லை.